இரும்பு வாய்க்காலில் ஸ்ரெல்லா

ஸ்ரெல்லா வேலை முடிந்து வந்து குசினித் தொட்டியில் கை கழுவினால் தண்ணீர் தேயிலைச் சாயம்போல ஓடும். கறள், இரும்புத் துரு. எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் நகக்கண்ணில் ஒரு கோடு நின்றுவிடும். மேசையில் இருக்கும் அவள் கணவன் கொட்வினுக்கு அந்த மணம் மூக்கில் ஏறினால் வாயில் வைத்த சோறு இறங்காது.

அது அவனுடைய மணம். மன்னார் பேசாலையில், வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற பட்டறையில் வெல்டிங் செய்த காலம் முழுக்க அவன் சேட்டிலும் தலைமயிரிலும் குடியிருந்த மணம். இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து இருபது வருசத்துக்கு மேலாகிவிட்டது. இங்கே அவன் கையில் மணப்பது முகப்பவுடரும் சவர நுரையும்தான். வியா லிபெர்த்தா தெருவில் ஒரு பெரிய வீட்டின் மேல்மாடியில் படுக்கையாய்க் கிடக்கிற கிழவர் ஒருவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, சூப் பருக்கி, புரட்டிப் படுக்க வைப்பது அவன் வேலை. ஒரு காலத்தில் பெயர்போன வழக்கறிஞர். இப்போது கொட்வினின் பெயரைத் தவிர வேறு ஒருவர் பெயரும் அவருக்கு ஞாபகமில்லை.

ஸ்ரெல்லாவும் போன மாரிவரை அதே மாதிரி வேலைதான் செய்தாள். சிஞ்ஞோரா தொனத்தெல்லா என்கிற இத்தாலியப் பெண்மணியின் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் இறந்துபோனார். செத்தவீட்டுக்குக் கணவனும் மனைவியும் போயிருந்தபோது, வந்தவர்களுக்குக் கோப்பி கொடுத்துக்கொண்டு நின்ற தொனத்தெல்லா இரும்பு வாய்க்காலைப் பற்றிச் சொன்னார்.

ஒரேத்தோ ஆறு மலைக்குள்ளிருந்து நகரத்துக்கு இறங்குகிற பள்ளத்தாக்கில் தொனத்தெல்லா குடும்பத்தின் பழைய தேசிக்காய்த் தோட்டம், எலுமிச்சைத் தோட்டம், இருந்தது. ஊற்று ஒரு கரையில், தோட்டம் மற்றக் கரையில். நடுவில் ஆழமான பள்ளம். முன்னோர்கள் கல்லால் வளைவு கட்டித் தண்ணீரைக் கடத்தினார்கள். ஒரு பெருவெள்ளம் அதைத் தூக்கிக்கொண்டு போனது. தேசிக்காய் வாங்கிக் கப்பலேற்றுகிற ஒரு ஆங்கிலேய வியாபாரிதான், கல் வேண்டாம், இரும்பில் தொட்டிபோல வாய்க்கால் செய்யலாம் என்று சொன்னவன். வார்ப்பிரும்புப் பலகைகளை அவனுடைய நாட்டில் வார்த்துக் கப்பலில் கொண்டுவந்தார்கள். துறைமுகத்திலிருந்து மாட்டு வண்டிகளில் ஏற்றி, ஏற்றத்தில் வண்டி பின்னுக்கு உருளாமல் சில்லுக்குக் கட்டை கொடுத்துக் கொடுத்து மலைக்குக் கொண்டுபோனார்கள். கயிற்றில் தொங்கியபடி பலகையோடு பலகையைச் சேர்த்துப் போல்ட் பூட்டினார்கள். அதில் இரண்டுபேர் விழுந்து செத்தார்கள். எல்லாம் முடிந்து தண்ணீர் ஓடிய அன்று ஊரில் ஒருவரும் அதைக் குடிக்கவில்லையாம். இரும்பில் ஓடிவந்த தண்ணீர் தேசிக்காயை இரத்தமாக்கிவிடும் என்று பயம்.

பிறகு குழாய்க் கிணறுகள் வந்தன. வாய்க்கால் வறண்டது. சில பலகைகள் வெடித்தன. உள்ளே அத்திமரம் முளைத்தது. இப்போது தோட்டத்தை ஒரு கூட்டுறவு எடுத்து நடத்துகிறது. கட்டடக் கலைஞரான தொனத்தெல்லா வாய்க்காலைத் திரும்பவும் ஓடவைக்கும் வேலையைப் பொறுப்பெடுத்திருந்தார்.

கோப்பிக் கோப்பையோடு நின்ற கொட்வின், "எனக்கு இரும்பு வேலை தெரியும், சிஞ்ஞோரா," என்றான். அவன் அந்த வீட்டில் தானாகச் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

"அப்படியா? இரண்டுபேருமே வாருங்கள். ஆள் தேவை," என்றார் தொனத்தெல்லா.

வேலைக்கு முன் டாக்டரிடம் காட்டவேண்டியிருந்தது. டாக்டர் கொட்வினின் கையில் பட்டியைக் கட்டி அமத்தினார். கொஞ்சம் பொறுத்து மற்றக் கையிலும் கட்டினார். "பிரஷர் மருந்து ஒழுங்காக எடுக்கிறீர்களா?" என்று கேட்டார். "எப்போதாவது," என்றான். டாக்டர் தலையை ஆட்டினார். உயரத்தில் ஏறுகிற வேலை கூடாது. அடுத்து ஸ்ரெல்லா உள்ளே போனாள். சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவன் முகத்தைக் கண்டதும் சிரிப்பை விழுங்கினாள்.

"நான் போகேல்லையப்பா. நீங்கள்தானே ஆசைப்பட்டனியள்," என்றாள் பஸ்ஸில்.

"சும்மா இரு. போ. ஒரு ஆளாவது போகட்டும்."

அவன் அதை மனதாரத்தான் சொன்னான். கம்பிப் புறுசால் கறள் சுரண்டுகிற வேலைதானே, வீடு துடைக்கிறதுக்கும் அதுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்தான். முதல் மாதம் அப்படித்தான் இருந்தது. பிறகு அவளைச் சாரக்கட்டில் ஏற்றினார்கள். மேஸ்திரி சால்வோ அவளுக்குப் பலகைகள் சேரும் மூட்டுகளை ஒழுகாமல் அடைக்கப் பழக்கினான்.

போர்கோ வெக்கியோ பகுதியில் அவர்கள் வீடு சந்தைக்கு மேலே. கீழே மீன்காரன் கடை கட்டித் தரை கழுவுகிற நேரம் இவர்கள் சாப்பிட இருப்பார்கள். சாளை மீன் குழம்பு, புட்டு, சம்பல். ஸ்ரெல்லா புட்டைக் குழம்பில் குழைத்தபடி கதை சொல்லுவாள்.

"இரும்புத்தூளையும் நவச்சாரத்தையும் தண்ணி விட்டு இப்பிடித்தான் குழைக்கிறது. பிறகு மூட்டுக்குள்ள வைச்சு உளியால இடிச்சு இறுக்கவேணும். அது அங்கயே கிடந்து கறள்பிடிக்கும். கறள்பிடிக்கப் பிடிக்க ஊதி, தானாவே இடைவெளியை அடைச்சுப்போடும்."

"கறளைக் கொண்டு தண்ணியை மறிக்கிறதோ?"

"ஓமப்பா! நானும் முதல்ல நம்பேல்லை. சால்வோ ஒரு பழைய மூட்டை வெட்டிக் காட்டினவர். கல்லு மாதிரிக் கிடக்கு."

"வெல்டிங் வைச்சால் ஒரு பின்னேரத்தில முடிஞ்சிடும்."

"வார்ப்பிரும்புக்கு வெல்டிங் வைச்சால் வெடிச்சுப்போடுமாம்."

"எனக்குத் தெரியாதே அது? எனக்கே நீ சொல்லித் தாறாய்?"

அவள் கை நின்றது. மகள் றெபேக்கா கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தி, "மா பப்பா, நீங்கள் ஜெலோசோ, பொறாமைக்காரன்!" என்று சிரித்தாள். மேல்வகுப்புப் படிக்கிற பிள்ளை. பலெர்மோக்காரர் போலச் சொல்லை இழுத்து இழுத்துப் பேசுவாள்.

"வாயைப் பொத்திக்கொண்டு சாப்பிடு," என்றான் கொட்வின்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து கத்தோலிக்கக் கோயில் முற்றத்தில் நின்றபோது சுரேஸ் வந்து தோளில் கை போட்டான். பேசாலையிலிருந்தே தெரிந்தவன். அடுத்தவன் வீட்டுக் கதை என்றால் அவனுக்குப் பசியும் தெரியாது.

"மச்சான், கோவிக்காதை. கண்டதைச் சொல்லாட்டிலும் பிழை. உன்ர மனுசி அந்த மேஸ்திரியின்ர லாப்பாவில முன்னுக்கு இருந்து போறா. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் ஸ்ரேசனுக்குக் கிட்டக் கண்டனான். ரெண்டுபேரும் ஒரே சிரிப்பு."

லாப்பா என்றால் சாமான் ஏற்றுகிற மூன்று சில்லு வண்டி. முன்னுக்கு இரண்டுபேர் இருந்தால் தோளோடு தோள் முட்டும்.

"வேலைக்குப் போற சனம் வண்டியில போகாமல் பறந்தே போறது?" என்றான் கொட்வின்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை மச்சான். சால்வோ பெண்சாதி செத்தவனாம். அதையும் கேள்விப்பட்டனான்."

கொட்வினுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ ஒரு ஆறுதல். இவ்வளவு நாளும் தொண்டைக்குள் கிடந்ததற்குப் பெயர் தெரியாமல் இருந்தான். இப்போது பெயர் கிடைத்துவிட்டது. மனைவியை இன்னொருத்தனோடு கண்டால் எந்த ஆம்பிளைக்கும் எரியும். அதை நாலுபேருக்கு நடுவில் சொல்லலாம், வெட்கமில்லை. அன்று முழுக்கச் சால்வோவை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தான். அவனுடைய முகத்தைக்கூட அவன் கண்டதில்லை.

வைகாசியில் ஒரு நாள் ஷிரொக்கோ அடித்தது. ஆபிரிக்காவிலிருந்து வருகிற அந்தக் காற்று வீசினால் வானம் மஞ்சளாகிப் பல்லிடுக்கில் மண் கடிபடும். கிழவரின் மகள் வந்து தகப்பனோடு நின்றதால் கொட்வினுக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்தது. வீட்டுக்குப் போகாமல் மலைப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினான். இறங்கித் தோட்டத்து மதிலோரம் நடந்தான். வியர்வையில் சேட் முதுகோடு ஒட்டியது.

நாணல் புதருக்குள் நின்று மேலே பார்த்தான். பள்ளத்தின் இரண்டு கரையையும் பிடித்துக்கொண்டு கரியாய், நீளமாய், வாய்க்கால் கிடந்தது. இவ்வளவு பெரிய பாரம் எப்படி இவ்வளவு மெல்லிய கால்களில் நிற்கிறது என்று அவன் வாயைத் திறந்தபடி நின்றான். வார்ப்பில் ஒரு பிசிறு இல்லை. ஒவ்வொரு பலகையின் விளிம்பிலும் போல்ட்டுகள் சட்டைப் பொத்தான்போல வரிசையாக இருந்தன. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் அவன் கை துடித்தது.

கீழே லாப்பாவுக்குப் பக்கத்தில் மரநிழலில் இருந்து ஒருவன் பாண் தின்றுகொண்டிருந்தான்; சால்வோ அவனாகத்தான் இருக்கவேண்டும். மொட்டைத் தலை, பெரிய வயிறு. அவன் மேலே பார்க்கக்கூட இல்லை. மேலே, காற்றுக்கு நடுவில், தனியாக ஸ்ரெல்லா நின்றாள். தலைக்கவசத்துக்குக் கீழே பின்னல் தொங்கியது. உளியை மூட்டில் வைத்து அடித்தாள். நிறுத்தினாள். காதைக் கிட்டக் கொண்டுபோய் அடுத்த அடியின் சத்தத்தைக் கேட்டாள். இரும்பு நன்றாக இறுகினால் சத்தம் மாறும். பட்டறையில் அவனும் அப்படித்தான் காதால் வேலை செய்தவன். அவள் தலையை ஆட்டித் தனக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை அவன் கண்டதில்லை.

அவளுக்கும் அந்த மேஸ்திரிக்கும் நடுவில் ஒன்றும் இல்லை என்று பார்த்த கணத்திலேயே தெரிந்துவிட்டது. ஏதாவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தான். நினைத்த பிறகுதான் பயந்தான்.

அவளைக் கூப்பிடாமல் திரும்பி நடந்தான். பஸ் தரிப்பில் நின்று தொனத்தெல்லாவுக்குப் போன் எடுத்தான்.

"சிஞ்ஞோரா, சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. என் மனைவிக்குத் தலைச்சுற்று வருகிறது. வீட்டில் ஒருதரம் மயங்கியும் விழுந்தாள். வேலை போய்விடும் என்று மறைக்கிறாள். நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள்."

"கடவுளே," என்றார் தொனத்தெல்லா. "நன்றி, கொட்வின். நல்லவேளை சொன்னீர்கள்."

அடுத்த நாளே ஸ்ரெல்லாவைக் கீழே இறக்கிவிட்டார்கள். பழைய போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவுகிற வேலை. அவளோடு நீர்கொழும்புப் பிள்ளை மொனிகா இருந்தாள். ஏன் இறக்கினார்கள் என்று கேட்டதற்கு, "கொஞ்சநாள் ஓய்வாக இரு," என்று மட்டும் தொனத்தெல்லா சொன்னாராம்.

"சால்வோதான் ஏதோ சொல்லியிருக்கிறான்," என்றாள் ஸ்ரெல்லா. கட்டிலில் குந்தி, மண்ணெண்ணெய் மணக்கிற கைகளை மடியில் விரித்து வைத்திருந்தாள். "முகத்துக்கு முன்னால சிரிச்சு முதுகுக்குப் பின்னால... இனி அவன்ர லாப்பாவில ஏறன். பஸ்ஸிலயே போறன்."

"விடு. உடம்பு பத்திரம்," என்றான் கொட்வின்.

அந்த நாட்களில் அவன் மிக நல்ல கணவனாக இருந்தான். காலையில் அவளுக்கு முன்னே எழும்பித் தேத்தண்ணி போட்டான். கீழே இறங்கிப் பேரம் பேசி இறால் வாங்கி வந்தான். இடியப்பம் அவித்து, சொதி வைத்து, "நல்லாச் சாப்பிடு," என்று தட்டில் போட்டான். அவளுடைய நகக்கண் மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது. அவனுக்குச் சோறு இறங்கியது. அவள் அரைவாசி சாப்பிட்டு எழும்பினால் மட்டும் நெஞ்சில் ஏதோ குத்தும். அதையும் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கினான்.

ஆனால் ஸ்ரெல்லா சும்மா இருக்கிறவள் இல்லை. தன்னை மேலே ஏற்றும்படி தொனத்தெல்லாவை நச்சரித்தாள். அவர் அவளைத் திரும்பவும் டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் சோதித்துவிட்டு, "உங்களுக்கு ஒன்றுமில்லையே. மயங்கி விழுவதாக உங்கள் கணவர் சொன்னாராமே, எப்போது விழுந்தீர்கள்?" என்று கேட்டார்.

அன்று கொட்வின் வேலையால் வந்தபோது அவள் குசினியில் கணவாய் வெட்டிக்கொண்டிருந்தாள். மையெல்லாம் கையில். திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் எப்ப மயங்கி விழுந்தனான்?"

அவன் கதவடியிலேயே நின்றான்.

"கேக்கிறன். எந்த அறையில? எந்தப் பக்கமாய்?"

"ஸ்ரெல்லா..."

"சுரேஸ் ஏதும் சொன்னவனோ? சால்வோவையும் என்னையும் சேர்த்துக் கதைச்சவனோ? எனக்கும் காதில விழுந்ததுதான். நீங்கள் நம்பமாட்டியள் எண்டு பேசாமல் விட்டனான். என்னிலயே உங்களுக்குச் சந்தேகம்?"

இதுதான் சமயம். ஓம் என்று சொன்னால் அவள் அழுவாள், சத்தியம் பண்ணுவாள், அவன் மன்னிப்பான், முடிந்துபோகும். கோயிலில் நாலுபேர் அவன் பக்கம் நிற்பார்கள்.

"சந்தேகமில்லை," என்றான். "அந்த ஆளில எனக்கு ஒண்டுமில்லை. நான் வந்து பாத்தனான். அவன் பாண் திண்டுகொண்டு இருந்தவன்."

"அப்ப?"

"உன்னிலதான் எரிச்சல்."

கத்தி பலகையில் நின்றது.

"நீ மேல நிண்டு காதால கேட்டு அடிக்கிறாய். அது என்ர வேலை. பேசாலையில அதை நான் செய்யேக்க என்னைப் பாக்க ஆக்கள் வந்து நிக்கிறவை. இஞ்சை வந்து ஒரு கிழவனுக்குக் குண்டி கழுவுறன். அதைக்கூடப் பொறுத்திட்டன். நீயும் அப்பிடித்தானே இருந்தனி எண்டு பொறுத்திட்டன். இப்ப நீ மட்டும் ஏறிப் போட்டாய். எனக்குத் தாங்கேலாமல் போட்டுது."

அவள் திரும்பினாள். அவள் முகத்தில் அவன் எதிர்பார்த்த அழுகை இல்லை.

"ஒரு ஆம்பிளையில எரிஞ்சிருந்தால் விளங்கும். என்னில எரிஞ்சனியளோ? உங்கட பிள்ளையைப் பெத்த என்னில? இவ்வளவு வருசமாய் ரெண்டுபேரும் ஒரே பள்ளத்துக்குள்ள நிண்டம். உங்களுக்கு அது நல்லாயிருந்தது. நான் ஒரு படி ஏறினவுடன காலைப் பிடிச்சு இழுத்துப் போட்டியள்."

"பிழைதான்."

"பிழை எண்டு எனக்குச் சொல்லி என்ன செய்ய? நான் சால்வோவை நாய் மாதிரிப் பாத்தனான். ஒரு குற்றமும் செய்யாத மனுசன். நீங்கள் போங்கோ. அங்கை போய், எல்லாருக்கும் முன்னால, வாயைத் திறந்து சொல்லுங்கோ. அதுவரைக்கும் என்னோட கதைக்க வேண்டாம்."

கணவாயை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு மகளின் அறைக்குப் போனாள். அதற்குப் பிறகு வீட்டில் பேச்செல்லாம் றெபேக்கா வழியாகத்தான். "பப்பாட்டைச் சொல்லு, காஸ் முடிஞ்சுது." "பப்பாட்டைக் கேள், சோறு போடவோ." நடுவில் நின்ற பிள்ளை ஒரு நாள், "பஸ்தா! போதும்! நான் என்ன போஸ்ட்காரனோ?" என்று கத்திவிட்டுப் கதவை அடித்துச் சாத்தினாள்.

கொட்வினுக்குப் போகத் துணிவு வரவில்லை. கிழவரைச் சவரம் செய்யும்போது இத்தாலிய மொழியில் சொல்லிப் பழகினான். "நான் பொய் சொன்னேன்," என்பான். கிழவர் நுரை மூடிய முகத்தோடு, "நல்லது, கொட்வின்," என்பார். ஸ்ரெல்லாவைத் திரும்பவும் மேலே ஏற்றிவிட்டார்கள் என்று றெபேக்காதான் சொன்னாள். பள்ளத்துக்கு நேர்மேலே, நடுவிலுள்ள மூட்டை அம்மா தனியாகவே அடைத்தாளாம். அதைக் கேட்டதும் பழைய எரிவு அப்படியே எழும்பியது. வெட்கப்பட்டால் அது அடங்கும் என்று நினைத்திருந்தான். அடங்கவில்லை.

கோடை முடிகிற நேரம், ஒரு சனிக்கிழமை, தண்ணீர் திறக்கிற நாள். வேலையாட்களின் குடும்பங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். விடியவே ஸ்ரெல்லாவும் மகளும் வெளிக்கிட்டுப் போய்விட்டார்கள். கொட்வின் பின்னால் தனியாகப் பஸ் எடுத்துப் போனான்.

தொனத்தெல்லா கரையில் நின்று ஆட்களுக்கு இடம் சொல்லிக்கொண்டிருந்தார். சால்வோவும் மொனிகாவும் பக்கத்தில். கொஞ்சம் தள்ளி ஸ்ரெல்லா, இடுப்புப் பட்டியை இறுக்கிக்கொண்டு. கொட்வின் நேரே போனான். பழகிய வசனமெல்லாம் மறந்துவிட்டது.

"சிஞ்ஞோரா, ஸ்ரெல்லாவுக்கு மயக்கம் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. பொறாமையில் நான் பொய் சொன்னேன்."

தொனத்தெல்லாவின் முகம் இறுகியது. "டாக்டர் சொன்ன அன்றே தெரியும். நீங்கள் வந்து சொல்வீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு இந்த வேலையே இல்லாமல் போயிருக்கும், தெரியுமா? என் தாயைக் கடைசிவரை தூக்கிச் சுமந்தவள். உங்களை இன்று நான் கூப்பிடவில்லை."

அவன் சால்வோவின் பக்கம் திரும்பினான். "உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அவள் உங்களோடு கோபித்ததும் என்னால்தான்."

சால்வோ மொட்டைத் தலையைத் தடவினான். ஸ்ரெல்லாவைப் பார்த்தான், பிறகு பள்ளத்தைப் பார்த்தான். "கீழே எனக்கு ஒரு ஆள் குறைகிறது," என்றான் தொனத்தெல்லாவிடம். "ஏற வேண்டியதில்லை. நிலத்தில் நடந்து எந்த மூட்டு ஒழுகுகிறது என்று பார்த்துக் கத்தவேண்டும். கண் இருந்தால் போதும்." அவர் பதில் சொல்லுமுன் ஒரு தலைக்கவசத்தை எடுத்துக் கொட்வினின் நெஞ்சில் வைத்து அழுத்தினான். வலித்தது. வலிக்க வேண்டும் என்றுதான் அழுத்தினான்.

கொட்வின் நாணலை விலக்கிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினான். மேலே ஊற்றுப் பக்கம் யாரோ கத்தினார்கள். முதலில் இரும்புக்குள் ஒரு முனகல். பிறகு சருகும் மண்ணும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வருகிற இரைச்சல். வாய்க்கால் முழுவதும் ஒருதரம் கிறீச்சிட்டு அடங்கியது. கரையில் நின்ற சனம் கை தட்டியது.

அவன் ஒவ்வொரு மூட்டுக்குக் கீழும் நின்று அண்ணாந்து பார்த்தான். முதலாவதில் ஈரம் கசிந்து சொட்டியது. "ஒழுகுது!" என்று கத்தினான். மேலே ஏறியிருந்த சால்வோ அந்த இடத்தில் சோக்கால் கோடு போட்டான். அடுத்தது பரவாயில்லை. அதற்கடுத்தது சால்வோவே அடைத்தது; அதிலும் இரண்டு துளி விழுந்தது. "இதுவும்!" புது மூட்டுகள் சிலநாள் அழும், பிறகு நிற்கும் என்று மேலேயிருந்து யாரோ சிரித்துச் சொன்னார்கள்.

நடு மூட்டுக்குக் கீழே வந்து நின்றான். அது ஸ்ரெல்லாவினது.

உள்ளங்கையை விரித்து மேலே பிடித்தான். ஒழுகவேண்டும் என்று அவன் மனம் கேட்டது. ஒரே ஒரு துளி. அவள் கையும் பிழைக்கும் என்று காட்டுகிற ஒரு துளி போதும். கை உளைந்தது, மற்றக் கையை மாற்றிப் பிடித்தான். கண்ணைச் சுருக்கி மூட்டின் விளிம்பை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்வரை தேடினான். இரும்பு கரியாய், உலர்ந்து கிடந்தது. மேலே அவ்வளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கையில் ஒன்றும் விழவில்லை.

"இஞ்சருங்கோ!"

அண்ணாந்தான். ஸ்ரெல்லா நடைபலகையில் முழங்காலில் இருந்து தலையை வெளியே நீட்டியிருந்தாள். அன்றைக்குக் குசினியில் பேசியதற்குப் பிறகு அவனைப் பார்த்து அவள் வாய் திறப்பது இதுதான்.

"என்ன மாதிரி?"

"ஒழுகேல்லை," என்றான். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

"என்ன? தண்ணிச் சத்தத்தில கேக்கேல்லை!"

கரையில் நின்றவர்கள் எல்லோரும் அவனையே பார்த்தார்கள். தொனத்தெல்லா பார்த்தார். றெபேக்கா பார்த்தாள். கொட்வின் இரண்டு கையையும் வாய்க்குக் குவித்தான். ஒருதரம் செருமினான்.

"ஒரு துளி இல்லை!" என்று பள்ளம் முழுக்கக் கேட்கக் கத்தினான். "நல்லாக் காய்ஞ்சு கிடக்கு! திறமான வேலை!"

ஸ்ரெல்லா சிரிக்கவில்லை. சோக்கை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"சரி, நிக்காதேங்கோ," என்றாள். "அடுத்ததைப் பாருங்கோ."

அவன் அடுத்த மூட்டுக்குக் கீழே போனான்.